வெள்ளவத்தையிலிருந்து வைன் சுவைக்கப் புறப்படுவோருக்கு

ஆவணி பிறக்கும் முன்னரே வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் மூச்சுவாங்கத் தொடங்கிவிடும். கனடாப் பெட்டிகள் ஏறும் காலம் அது. பெட்டிக்குப் பின்னால் பெட்டிக்குரியவர் வருவார். நல்லூர்த் திருவிழாவுக்கென்றுதான் வந்திருப்பார். ஆனால் கொடியேற இன்னும் நாலு நாள் இருக்கும். அந்த நாலு நாளும் அவரைக் கொழும்பில் வைத்து என்ன செய்வது? கடற்கரையைக் காட்டலாம். அது பத்து நிமிடம். பிறகு?

2018இல் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் மனைவியின் அண்ணன். ரொறன்ரோவாசி. இரண்டாம் நாள் இரவு, இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவே அந்தக் கதையைத் தொடங்கினார். நயாகராப் பக்கம் ஒரு நாள் முழுக்க வைன் சுவைத்த கதை. வயலுக்கு நடுவே வீடு, கண்ணுக்கெட்டிய தூரம் கொடி, ஐந்து கிளாஸ், கிளாசுக்கு ஒரு மிடறு, பக்கத்தில் பாற்கட்டி, தலையில் ஒரு கவலையும் இல்லை.

“இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லையோ மச்சான்?”

நான் முழித்தேன். ஐம்பது வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிப்பது நல்லதல்ல. அதன்பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு அலைந்து கற்றவற்றை, பெட்டி ஏறும் வீட்டார் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர்ப்பலகைகளை நம்பும் பழக்கத்தை விடவேண்டும். காலி வீதியில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்ற பலகை கண்ணில் படும். கொட்டாஞ்சேனையிலும் படும். இலங்கையில் எந்தச் சந்தியிலும் படும். மச்சான் அதைக் கண்டதும் குழந்தைபோலக் குதூகலித்து உள்ளே போய்விட்டார். உள்ளே இருப்பது இரும்புக் கம்பி வலை. வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்கள், கைக்குள் காசை மடித்து வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்பார்கள். வலைக்கு அந்தப் பக்கம் சாராயம். “வைன் என்னென்ன இருக்கு?” என்று கேட்டார் மச்சான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தூசியை ஊதினார். அந்தத் தூசிதான் அன்றைக்கு அங்கே கிடைத்தவற்றில் வயது முதிர்ந்தது. வைன் விற்காத கடைக்கு வைன் என்று பெயர் வைக்கும் மரியாதை நம் நாட்டுக்கே உரியது. சாராயம் என்று எழுதக் கூச்சம். கள்ளு என்று எழுதவோ இன்னும் கூச்சம்.

வைன் நமக்குப் புதிதில்லை என்பதை மட்டும் மச்சானிடம் அப்போதே சொல்லி வைத்தேன். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் பாடியது புறநானூற்றில் 56ஆம் பாட்டு. 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அந்த மது வந்த ரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அகப்பட்டன. ஆக, வெளிநாட்டு வைனைச் சுவைத்துப் பெருமைப்படுவதில் நமக்கு ஏறத்தாழ 2000 வருட அனுபவம் உண்டு. மச்சானுக்கு இது பிடித்துவிட்டது. பாண்டியன் நிலையில் தன்னை வைத்துக்கொண்டார். அப்படியென்றால் கிண்ணம் ஏந்தி நிற்பது யார் என்று என் மனைவி கேட்டதோடு இலக்கியப் பகுதி முடிந்தது.

அடுத்து நாள் பார்த்தல். முகூர்த்தம் பார்ப்பதைவிட இது முக்கியம். பௌர்ணமி போயா அன்று நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு போயா, சில வருடம் பதின்மூன்று. வெளிநாட்டுக்காரர் விமானச் சீட்டு எடுக்கும்போது நல்லூர்த் தேரைப் பார்ப்பார், தீர்த்தத்தைப் பார்ப்பார், பள்ளிக்கூட விடுமுறையைப் பார்ப்பார். நிலவைப் பார்க்கமாட்டார். கடற்கரையோர விருந்தினர் விடுதிகள் சிலவற்றில் போயா அன்று பியரைத் தேநீர்க் கேத்தலில் ஊற்றி, கோப்பையும் பீரிசும் வைத்துப் பரிமாறுவார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. நுரை தள்ளும் தேநீரைச் சர்க்கரை போடாமல் குடிப்பவரைப் பக்கத்து மேசைக் குழந்தை உற்றுப் பார்க்கும்.

மூன்றாவது, யாரைக் கூட்டிப்போவது. நயாகராவில் இது ஒரு கேள்வியே இல்லை, மச்சானும் மனைவியும் சேர்ந்துதான் போனார்களாம். நம் நாட்டில் 1979ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் ஒன்று உண்டு. பெண்களுக்கு மதுக்கடையில் மது விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நீக்கியதை நீக்கச் சொன்னார். இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் எத்தனை பெண்கள் ஓடிப்போய் வாங்கினார்கள் என்று தெரியவில்லை, எங்கள் மாடியில் எவரும் அசையவில்லை. என் மனைவி வாழ்நாளில் ஒரு சொட்டும் தொட்டவர் அல்லர். ஆனால் செய்தியைக் கேட்டுவிட்டு, “எனக்கு விற்க ஏலாது எண்டால் நீங்களும் வாங்க ஏலாது” என்று வீட்டுக்கென ஒரு வர்த்தமானி வெளியிட்டார். அது இன்றுவரை திருத்தப்படவில்லை. எனவே இந்தப் பயணத்தில் மனைவியும் வந்தார், கண்காணிப்பாளராக.

தூரம் போக விருப்பமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன வழி சொல்கிறேன். வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்குங்கள். சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அதன் நிழலில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டில் ஓர் அன்ரி இருப்பார். நத்தாருக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே அவருடைய குசினி மேடைக்குக் கீழே ஒரு பெரிய சாடி, வாயைத் துணியால் கட்டி இருட்டில் வைக்கப்பட்டிருக்கும். காய்ந்த முந்திரிகைப் பழம், சீனி, ஈஸ்ட், கறுவா, கராம்பு. அவ்வளவுதான் வைன் பண்ணை. கொடி இல்லை, வயல் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. பறங்கியர் வீடானால் மில்க் வைன் கிடைக்கும். சாராயத்தில் பாலும் சீனியும் புளிப்பும் வாசனைத் திரவியமும் சேர்த்து, பால் திரைந்தபின் துணியில் சொட்டுச் சொட்டாக வடித்தெடுப்பது. தெளிந்த பொன்னிறம். பெயரில் வைனும் உண்டு பாலும் உண்டு, கண்ணுக்கு இரண்டும் தெரியாது.

இங்கே சுவைக்கும் முறை தனி. அன்ரி சின்னஞ்சிறு கிளாசில் தருவார். முகரக் கூடாது, சுழற்றக் கூடாது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது, கழுவாத கிளாஸ் என்று நினைக்கிறீர்களோ என்று அவர் முகம் வாடிவிடும். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடி, “போன வருசத்தை விட நல்லாயிருக்கு அன்ரி” என்று சொல்லவேண்டும். போன வருடம் நீங்கள் வராதிருந்தாலும் சொல்லவேண்டும். பிறகு லவ் கேக் வரும்.

மச்சான் திருவிழாக் காலத்தில் அங்கே போய்ச் சாடி எங்கே என்று கேட்டார். பருவம் தப்பிப் போனவருக்கு அன்ரி இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

இனி முழு நாள் பயணம். வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் தெற்கே போகும் கோச்சியில் ஏறுங்கள். கடல் பக்கம் உட்காருங்கள், இடம் கிடைக்காது, ஆனாலும் முயலுங்கள். தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை. இந்த வழியில் மொறட்டுவையும் பாணந்துறையும் வரும்போது ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையை வெள்ளைக்காரர் பிரதேசம் பிரதேசமாக ஏலத்தில் விட்டார்கள். அந்தக் குத்தகை எடுத்தவர்கள் பெருஞ்செல்வரானார்கள், அவர்களில் பலர் இந்தக் கரையோரத்தவர். குத்தகைக் காசு தோட்டங்களாகவும் காரீயச் சுரங்கங்களாகவும் கொழும்பு மாளிகைகளாகவும் பிள்ளைகளின் இங்கிலாந்துப் படிப்பாகவும் மாறிய கதையைக் குமாரி ஜயவர்தன 2000இல் ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் நாட்டைக் கலக்கியபோது, சாராயக் காசில் படித்து வந்த பிள்ளைகள் சிலரும் முன்வரிசையில் நின்றார்கள். அப்பா ஊற்றிக் கொடுத்ததை மகன் தட்டிப் பறித்தார், இரண்டும் தேச சேவை. கொழும்பில் பழைய மாளிகையைக் கண்டால் யாருடைய வீடு என்று கேட்காதீர்கள், எத்தனை போத்தல் என்று கேளுங்கள்.

வாதுவையில் இறங்கவேண்டும்.

இறங்கியதும் தலையை உயர்த்துங்கள். தென்னைகளுக்கு நடுவே, வானத்தில், கயிறுகள் ஓடும். மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறு. கீழ்க்கயிறு காலுக்கு, மேற்கயிறு கைக்கு. காலையில் ஒரு மரத்தில் ஏறுகிறவர் அந்தக் கயிற்று வழியே மரம் மரமாக நடந்து, தோப்பை முடித்துவிட்டுத்தான் மண்ணில் கால் வைப்பார். விரியாத பாளையைக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைச் சீவிவிட்டால் துளித்துளியாக வடியும். முட்டியில் சேர்ந்ததைக் கயிற்றில் இறக்கிக் கீழே நிற்பவரிடம் விடுவார்கள். வடியும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் அதில் வேலையைத் தொடங்கிவிடும். நயாகராவில் மனிதர் மாதக்கணக்கில் பீப்பாவைக் காத்திருந்து செய்வதை இங்கே முட்டி சில மணித்தியாலத்தில் செய்து முடிக்கிறது. காலைக் கள்ளு இனிப்பு, மத்தியானக் கள்ளு சுறுசுறுப்பு, பின்னேரக் கள்ளு கடுப்பு, அடுத்தநாள் அது வினாகிரி. அவர்கள் போத்தலில் வருடத்தை எழுதுகிறார்கள். நாம் எழுதுவதானால் மணியை எழுதவேண்டும்.

இதைக் காய்ச்சி வடித்தால் தென்னஞ்சாராயம். ஹல்மில்ல மரப் பீப்பாவில் கிடந்து நிறமும் மணமும் ஏறி, வழக்கமான போத்தலில் 33.5 வீத மதுவோடு கொழும்பு வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள். சுவைப்புப் பயணத்தில் சாராயம் சேர்ந்தால் கடைசிக் கோச்சி தப்பிவிடும். கள்ளச்சாராயமான கசிப்பு என்று எவராவது காதில் சொன்னால் எழுந்து ஓடுங்கள், அது கண்ணையும் உயிரையும் பறித்த செய்திகள் நிறைய.

கள்ளு விற்கும் தவறணைக்கு மச்சான் ஆயத்தமாக வந்திருந்தார். எங்கள் வீட்டு ஷோகேசில் கலியாணத்துக்கு வந்த காம்பு வைத்த கிளாஸ் ஆறு, இருபது வருடமாகக் கண்காட்சியில் இருந்தன. அதில் ஒன்றைச் சாறனுக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மனைவி வாங்கில் உட்கார்ந்து தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். தவறணைக்காரர் கிளாசைப் பார்த்தார், மச்சானின் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஊற்றினார்.

மச்சான் கிளாசைச் சுழற்றினார். வைன் சுழற்றினால் மணம் எழும். கள்ளைச் சுழற்றினால் நுரை எழும். எழுந்த நுரை காற்சட்டையில் விழுந்தது. அவர் மனம் தளரவில்லை. மூக்கைக் கிளாசுக்குள் விட்டு, கண்ணை மூடி, நீண்ட மூச்செடுத்தார். பக்கத்து வாங்கில் ஒரு முதியவர், சாறனும் வெற்றுடம்புமாக, தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

“ரா தியென்னே பொன்ன மாத்தயா, இம்பின்ன நெவெய்.”

கள்ளு இருப்பது குடிக்க ஐயா, முகர அல்ல. சிங்களத்தில் இம்பினவா என்றால் முகர்தலும் முத்தமிடுதலும் ஒன்றுதான். தவறணை முழுக்கச் சிரித்தது. எந்தப் பொருளில் சிரித்தார்கள் என்பதை மச்சானுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

சுவையைச் சொல்லும் மொழி பற்றி இங்கே ஒரு குறிப்பு. வைன்காரர்கள் திராட்சையில் செய்ததைக் குடித்துவிட்டு, திராட்சையைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றின் வாசமும் இருப்பதாகச் சொல்வார்கள். பேரிக்காய், புகையிலை, ஈரக்கல், குதிரைச் சேணம். கள்ளுக்கும் இதைத் தாராளமாகச் செய்யலாம். “முதலில் பாளைவாசம், நடுவில் ஈஸ்ட் போட்ட அப்பமா, முடிவில் எறும்பு.” எறும்பு கற்பனை இல்லை, முட்டியைத் தேடித் தேனீ வரும், குளவி வரும், இரவில் வௌவாலும் மரநாயும் வரும். விழுந்தவர்களை வடித்தெடுக்கத்தான் பன்னாடை.

துப்புவதா வேண்டாமா என்றும் கேட்பீர்கள். தேர்ந்த சுவைஞர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாராம், அதற்கென்று ஒரு வாளி வைத்திருப்பார்களாம். துப்புவதில் நமக்குப் பயிற்சி போதாது என்று எவரும் சொல்லமுடியாது, கொழும்புச் சுவர்களில் வெற்றிலைச் சிவப்பே சாட்சி. ஆனால் கள்ளைத் துப்பிவிட்டு அதைப் பற்றிய அபிப்பிராயத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவருக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு. நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் மாணவனுக்கு நன்னூல் நெய்யரியை உவமை சொல்கிறது. நெய்யரி என்றால் பன்னாடை. வாத்தியார்மார் நம்மைத் திட்டியது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

கள்ளோடு கொறிக்கும் பைற்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாற்கட்டி தேடாதீர்கள். மரவள்ளிப் பொரியலும் பொரித்த மீனும் போதும்.

திரும்பி வரும் கோச்சியில் மச்சான் கடலைப் பார்த்தபடி இருந்தார். பாணந்துறை தாண்டியபின், “எல்லாம் சரி, ஆனால் இது கள்ளு. நான் கேட்டது வைன்” என்றார். வைன் கேட்பவரை வைன் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் முறை. இந்த நாட்டில் அது யாழ்ப்பாணம்.

வெள்ளவத்தையிலிருந்து இரவுக்கிரவு யாழ்ப்பாணத்துக்குச் சொகுசு பஸ் ஓடும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆறுதலான ஒரு நாளுக்கு முன்னால் ஓர் இரவும் பின்னால் ஓர் இரவும் பஸ்ஸில் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். நயாகராவின் ஐஸ் வைனுக்குக் கொடியிலேயே பழம் உறையவேண்டும், குளிர் −8 பாகைக்காவது இறங்கவேண்டும் என்று மச்சான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸின் ஏசியைப் போட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் மடியில் ஒரு கொத்து முந்திரிகை இருந்திருந்தால் அன்றைக்கே இலங்கையின் முதலாவது ஐஸ் வைன் உருவாகியிருக்கும். பெரிய குரலில் ஒரு படமும் ஓடியது. நடுச்சாமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்கள், எல்லோரும் போர்வையோடு இறங்கினோம். கோச்சியில் போயிருக்கலாம் என்கிறீர்களா? போயிருக்கலாம். 2014 ஒக்ரோபரிலிருந்து யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை போகிறது, சீட்டுத்தான் கிடைப்பதில்லை.

முந்திரிகை என்றால் யாழ்ப்பாணத்தில் திராட்சை. இந்தியாவிலிருந்து வரும் நண்பரிடம் முந்திரிகைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பாயசத்தில் போடும் பருப்பைத் தேடுவார், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில், கிணற்றுநீர் இறைத்து, தலைக்கு மேலே பந்தல் போட்டு வளர்ப்பார்கள். நயாகராவில் கொடிகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து படமெடுத்த மச்சான் இங்கே பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தார். தோட்டக்காரர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, கனடாவுக்கு எடுக்க எத்தனை கிலோ வேணும் என்பது.

வைன் இருந்தது கன்னியர் மடத்தில். யாழ் நகரத்தில் செபமாலைச் சபைக் கன்னியர்கள் ரோசெட்டோ என்ற பெயரில் ஒரு வைன் செய்து விற்றார்கள். கறுவாவும் கராம்பும் போட்ட, இனிப்பான, சிவந்த வைன். கூடவே முந்திரிகை ரசமும், பச்சைப் பசேலென்ற நெல்லி ரசமும். பெண்ணுக்கு வைன் விற்கக் கூடாது என்று ஜனாதிபதி வரை போய் முடிவெடுத்த நாட்டில் மச்சான் 400 கிலோமீற்றர் கடந்து தேடிப்போன வைனைச் செய்தவர்கள் பெண்கள், அதுவும் துறவிகள். என் மனைவி முதன்முறையாகத் தோடம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

இந்தச் சபையின் வேர் வசாவிளான் பக்கம், தோலகட்டியில். தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே ஆச்சிரமம் தொடங்கினார். மௌனம், செபம், உடலுழைப்பு, இவைதான் அவர்கள் வாழ்வு. தோலகட்டி நெல்லி ரசம் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு நாக்கு ஊறும். காய்ச்சல் வந்தால்தான் கிடைக்கும் என்பதால் காய்ச்சலுக்கு ஏங்கியவர்கள் நாங்கள். 1990இல் அந்த ஊர்கள் இடம்பெயர்ந்து, பல வருடம் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்தன. போத்தலில் வருடம் போட்டு மதிப்புப் பார்ப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் எந்த வருடம் பழம் பழுத்தது என்று கேட்பதைவிட எந்த வருடம் தோட்டத்துக்குள் போக விட்டார்கள் என்று கேட்கலாம்.

மடத்தில் சுவைப்புக் கூடம் கிடையாது. ஒரு மேசை, ஒரு சகோதரி, ஒரு பற்றுச்சீட்டு. மச்சான் காம்பு வைத்த கிளாசை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். சகோதரி ஒரு பார்வை பார்த்தார். கிளாஸ் பைக்குள்ளேயே இருந்தது. போத்தலை வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அந்த இரண்டு பயணத்திலும் நிம்மதி என்ற சொல் பொருந்திய இடம் அந்த முற்றம் ஒன்றுதான். அதில் நாங்கள் நின்றது பத்து நிமிடம்.

யாழ்ப்பாணம் வரை போனவர் தவறணையைப் பாராமல் திரும்பக் கூடாது. தவறணை, தவறு கூட்டல் அணை, தவறுகள் வந்து அணையும் இடம் என்று எங்களுக்குப் பிரித்துச் சொன்ன தமிழ் வாத்தியார் ஒருவர் இருந்தார். பின்னேரம் ஐந்தரைக்கு மேல் சந்தேகம் கேட்பதானால் அங்கே போய்த்தான் கேட்கவேண்டும். பனங்கள்ளு பருவத்துக்குரியது, பருவம் தப்பினால் தென்னங்கள்ளு. கண்ணாடிக் கோப்பை கேட்காதீர்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பச்சை ஓலையின் மணம் கள்ளோடு சேரும், எந்தக் காம்புக் கிளாசும் அதைத் தராது. என் கட்சி இது. மச்சானும் இரண்டாவது பிளாவில் ஒத்துக்கொண்டார்.

ஆனால் இந்தக் கள்ளுக்கு வேறொரு வரலாறும் உண்டு, அதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவது சரியில்லை. மரமேறிச் சீவியவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர் இது. அவர் இறக்கிய கள்ளு மட்டும் பின்வேலிப் பொட்டால் பெரிய வீடுகளுக்குள் போனது, முன்வாசலில் அதே வீட்டுப் பெரியவர் கள்ளுக்குடியின் கேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து, சீவியவரின் கள்ளைச் சங்கமே பொறுப்பெடுத்துத் தவறணையில் விற்கத் தொடங்கியபின்தான் அந்த உழைப்புக்கு ஒரு கணக்குப் புத்தகமும் சேமிப்பும் வந்தன. பிறகு போத்தல் கள்ளும் வந்தது. நயாகராக்காரன் தன் தோட்டத்தாளை முன்னால் நிறுத்தி, இவர் கையால் விளைந்த வைன் என்று சொல்லி விற்கிறான். எங்கள் பெரியப்பா இரவு எட்டு மணிக்குக் குடித்த கள்ளை இறக்கியவரின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மச்சான் கொடியேற்றம் முடிந்ததும் மச்சம் மாமிசம், மது எல்லாம் விட்டு விரதம் பிடித்தார். ரோசெட்டோ போத்தல் எங்கள் ஷோகேசில் ஐந்து கிளாசுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆறாவது யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் உடைந்தது.

போகிறவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். வாதுவையில் ஆள் கயிற்றில் நடந்துகொண்டிருக்கும்போது கீழே நின்று கூப்பிட்டுக் கையசைத்துப் படமெடுக்காதீர்கள். அவர் மேலே நாற்பதடி உயரத்தில் நிற்கிறார். இறங்கி வரட்டும், முதலில் அவருடைய பெயரைக் கேளுங்கள்.